லயத்து வாழ்விலே புனிதம்

‘புனிதர்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் எமது மனக்கண் முன் தோன்றுவது என்ன? கோவில் பீடத்தின் இரு பக்கங்களிலும் நிற்கும் சுரூபங்கள்தான். கையிலே லீலி மலர், தலையைச் சுற்றி ஒளிவட்டம், மேல் நோக்கிய கண்கள். அவர்களுள் பெரும்பாலானோர் ஆயர்கள், குருக்கள், துறவிகள், கன்னியர். கொழுந்துக் கூடை சுமந்த ஒருத்தியையோ, கவ்வாத்துக் கத்தி பிடித்த ஒருவரையோ, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பீலியிலே தண்ணீர் பிடிக்கும் ஒரு தாயையோ நாம் பீடத்தில் கண்டதில்லை. ஆகவே புனிதம் என்பது சாமிமாருக்கும் சிஸ்டர்மாருக்கும் உரியது, எமக்கு உரியதல்ல என்ற எண்ணம் எமது மக்களிடையே ஆழமாக வேரூன்றியிருப்பதில் வியப்பில்லை.

எல்ல, தெமோதரை தொடங்கி பசறை, லுணுகலை வரை தோட்டக் குடும்பங்களைச் சந்திக்கும்போதெல்லாம் இந்த எண்ணத்தையே நாம் கேட்கிறோம். “விடியுமுன்னே எழும்பி அடுப்பு மூட்டி, பிள்ளையைக் காம்பராவில விட்டுப் பெரட்டுக்குப் போறோம். பொழுது சாயத் திரும்புறோம். எங்களுக்கு அதுக்கெல்லாம் எங்க சாமி நேரம்?”

இந்தக் கேள்வியிலுள்ள களைப்பு உண்மையானது. அதற்குள் மறைந்திருக்கும் கருத்தோ தவறானது, ஆபத்தானதும்கூட. ஏனென்றால் புனிதம் என்பது நேரம் மிச்சமிருப்பவர்கள் செய்யும் காரியம் என்று எண்ணும்போது இரண்டு தீமைகள் விளைகின்றன. முதலாவதாக, உழைக்கும் மக்கள் தம்மையே தாழ்வாக மதிக்கத் தொடங்குகிறார்கள். தேயிலைக் கொள்ளுப் பார்க்கும் வாழ்வு கடவுளுக்கு அக்கறையில்லாத வாழ்வு என்று நினைத்துவிடுகிறார்கள். இரண்டாவதாக, கோவிலும் வாழ்வும் இரண்டாகப் பிரிந்துவிடுகின்றன. திருநாளிலே கூடு சுமந்தவர் அன்றிரவே குடித்துவிட்டு மனைவியை அடிக்கிறார். அதில் முரண்பாடு இருப்பதாக அவருக்கும் தோன்றுவதில்லை, லயத்திலுள்ள மற்றவர்களுக்கும் தோன்றுவதில்லை. ‘பக்தி வேறு, குடும்பம் வேறு’ என்று எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள்.

ஆகவே பொதுநிலையினரின் புனிதம் என்றால் என்ன, அது தோட்டத்து வாழ்வில் எவ்வாறு உருவெடுக்கும் என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

திருச்சபை சொல்வது என்ன?

இது புதிய போதனையல்ல. 1609ஆம் ஆண்டிலேயே புனித பிரான்சிஸ்கு சலேசியார் பக்தி வாழ்வைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். போர்வீரர், கைவினைஞர், மணமுடித்தவர் ஆகிய எல்லோராலும் தத்தம் நிலையிலேயே இறைபக்தியில் வளர முடியும், ஒவ்வொருவருடைய தொழிலுக்கும் பொறுப்புக்கும் ஏற்ப அந்தப் பக்தி வேறுபட்ட உருவம் எடுக்கும் என்பதே அதன் சாரம். குடும்பத்தலைவர் துறவியைப்போல எதையும் சேமிக்காமல் இருந்தாலோ, தொழிலாளி நாள் முழுதும் கோவிலிலே இருந்தாலோ அது பக்தியாகாது, குழப்பமே ஆகும் என்று அவர் விளக்கினார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் இக்கருத்தைத் திருச்சபை முழுவதற்கும் உரிய போதனையாக்கியது. 1964 நவம்பர் 21ஆம் திகதி வெளியான திருச்சபை பற்றிய ஏட்டின் அதிகார வரிசையைக் கவனித்தாலே போதும். முதலில் திருச்சபையின் மறைபொருள், அடுத்து இறைமக்கள், அதன் பின்னரே ஆயர்களும் குருக்களும், அதற்கடுத்து பொதுநிலையினர். ஐந்தாம் அதிகாரம் புனிதத்துக்கான அழைப்பைப் பற்றியது. துறவியரைப் பற்றிய அதிகாரம் அதற்கும் பிறகுதான் வருகிறது. புனிதம் துறவிகளின் தனிச்சொத்து என்று கருதப்பட்டிருந்தால் இவ்விரண்டு அதிகாரங்களையும் ஒன்றாக இணைத்திருப்பார்கள். அவ்வாறு செய்யாமல், திருமுழுக்குப் பெற்ற எல்லோரும் அன்பின் நிறைவுக்கு அழைக்கப்பட்டுள்ளனர் என்று முதலில் சொல்லிவிட்டு, துறவியர் அதை வாழும் தனி வழியைப் பின்னர் விளக்கினார்கள்.

1987ஆம் ஆண்டில் ஆயர் மாமன்றம் பொதுநிலையினரைப் பற்றியே கூடி ஆராய்ந்தது. அதன் பயனாக 1988 டிசம்பரில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் விரிவான ஊக்கவுரை ஒன்றை வெளியிட்டார். 2018ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் திகதி, புனித சூசையப்பர் திருநாளன்று, திருத்தந்தை பிரான்சிஸ் கையெழுத்திட்ட ஊக்கவுரையும் இதே பொருளைப் பற்றியதே. எமது அயல்வீட்டிலே, பிள்ளைகளை வளர்ப்பதிலே, வீட்டுக்கு உணவு தேடும் உழைப்பிலே, நோயைச் சுமப்பதிலே புனிதத்தைக் காணும்படி அவர் எம்மைக் கேட்டுக்கொண்டார்.

லேவியராகமத்தின் ஓர் அதிகாரம்

புனிதம் என்றால் என்னவென்று விவிலியத்திடமே கேட்போம். பழைய ஏற்பாட்டிலே லேவியராகமம் என்ற நூல் பலிகளையும் சடங்குகளையும் பற்றியது என்பதால் பலரும் அதைப் படிப்பதில்லை. அதன் 19ஆம் அதிகாரத்தை ஒருமுறை குடும்பமாக இருந்து வாசித்துப் பாருங்கள். இறைவன் தூயவராக இருப்பதுபோல அவருடைய மக்களும் தூயவராக இருக்கவேண்டும் என்ற கட்டளையோடு அது தொடங்குகிறது. குருக்களுக்கு மட்டுமல்ல, மக்கள் கூட்டம் முழுவதற்கும் இது சொல்லப்படுகிறது.

அடுத்து வருவது என்ன? தாய் தந்தைக்கு மரியாதை செய்யவேண்டும். ஓய்வுநாளைக் கடைப்பிடிக்கவேண்டும். வயலை அறுக்கும்போது ஓரத்தில் விளைந்ததை ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவைக்கவேண்டும். கூலியாளின் கூலியை மறுநாள் விடியும்வரை பிடித்துவைக்கக் கூடாது. செவிடரை இகழக்கூடாது, குருடரின் வழியில் தடை போடக்கூடாது. கோள் சொல்லித் திரியக்கூடாது. முதியவர் முன் எழுந்து நிற்கவேண்டும். அந்நியரைத் தன் நாட்டவரைப்போல நேசிக்கவேண்டும். தராசும் படிக்கல்லும் சரியானவையாக இருக்கவேண்டும்.

கூலி, தராசு, கோள், முதியவர், அந்நியர்! இவையெல்லாம் தோட்டத்திலே நாள்தோறும் நாம் பேசும் விடயங்கள் அல்லவா? புனிதத்தைப் பற்றிய அதிகாரத்திலே கொழுந்து மடுவமும் இருக்கிறது, லயத்து இஸ்தோப்பும் இருக்கிறது. இந்த அதிகாரத்தையே வழிகாட்டியாகக் கொண்டு எமது வாழ்வின் சில பகுதிகளைப் பார்ப்போம்.

வேலையும் தராசும்

உழைப்பைப் பற்றி 1981ஆம் ஆண்டில் வெளியான சுற்றுமடலிலே இரண்டாம் அருள் சின்னப்பர் ஒரு முக்கியமான கருத்தை விளக்கினார். ஒரு வேலைக்கு மேன்மை வருவது அது எத்தகைய வேலை என்பதால் அல்ல, அதைச் செய்பவர் மனிதர் என்பதால்தான். அப்படியானால் கந்தோரில் எழுதும் கைக்கும் கொழுந்தெடுக்கும் கைக்கும் கடவுள் முன் ஏற்றத்தாழ்வு இல்லை. இரண்டு இலையும் ஓர் அரும்புமாகப் பார்த்துப் பறிப்பதும், கான் வெட்டுவதும், கவ்வாத்து வெட்டும்போது அடுத்த பருவத்தின் தளிரை நினைத்து வெட்டுவதும் படைப்பைப் பேணும் பணியே. அதை ஒழுங்காகச் செய்வது செபத்துக்கு இடைஞ்சலல்ல. காலையில் ஒப்புக்கொடுத்துத் தொடங்கினால் அதுவே செபமாகிறது.

ஆனால் நேர்மை ஒருபக்கக் கடமையல்ல. கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழிப்பது வழக்கம். நியாயமான அளவுக்கு மேல் கழிக்கப்படும் ஒவ்வொரு கிலோவும் ஒரு குடும்பத்தின் சோற்றிலிருந்து எடுக்கப்படுவதே. தராசைப் பிடிப்பவரும் கணக்கு எழுதுபவரும் கத்தோலிக்கராக இருந்தால், அவர் புனிதராவதற்கான இடம் அந்தத் தராசுதான். அங்கே கைதவறிய பின் கோவிலில் எத்தனை மெழுகுதிரி ஏற்றினாலும் கணக்குச் சரிவராது. கங்காணிக்கும், தொழிற்சங்கத் தலைவருக்கும், கடைக்காரருக்கும், வட்டிக்குக் கொடுப்பவருக்கும் இது பொருந்தும்.

வீட்டுக்குள்ளே

அடுத்து வீட்டைப் பார்ப்போம். தோட்டத்துப் பெண்ணின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். இருட்டோடு எழுந்து ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, பிள்ளைகளை ஆயத்தப்படுத்தி, மலைக்குப் போய், மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று பறித்து, மடுவத்தில் நிறுத்து, மாலையில் விறகும் தண்ணீரும் சுமந்து, சமைத்து, எல்லோரும் படுத்த பின்னரே படுக்கிறாள். பல தோட்டங்களில் ஆண்களின் வேலை பிற்பகலிலேயே முடிந்துவிடுகிறது. அந்த மீதி நேரம் எங்கே போகிறது?

கணவன் இரண்டு வாளி தண்ணீர் கொண்டுவந்து வைப்பதும், அடுப்பை மூட்டி வைப்பதும், பிள்ளையின் கொப்பியைப் பார்ப்பதும் சிறிய காரியங்களாகத் தோன்றலாம். பக்கத்துக் காம்பராக்காரர் கேலி செய்யவும் கூடும். அந்தக் கேலியைத் தாங்கிக்கொண்டு அதைச் செய்வது, பெரிய வெள்ளியன்று நாள் முழுதும் உபவாசம் இருப்பதைவிடச் சில வேளைகளில் கடினமானது. திருமணம் ஓர் அருளடையாளம் என்று நாம் கற்பிக்கிறோம். அந்த அருள் கண்ணுக்குத் தெரியும் இடம் இதுவே.

சம்பள நாளும் இவ்வாறே. மனைவி உழைத்த காசு வீட்டுக்கு வருமுன்னே சாராயத்துக்கும் கசிப்புக்கும் போய்விட்டால், அது வெறும் கெட்ட பழக்கமல்ல. கூலியைப் பிடித்துவைக்கும் பாவத்தின் இன்னொரு உருவம். கம்பனி பிடித்துவைத்தால் போராடுகிறோம். கணவன் பிடித்துவைத்தால் மௌனமாயிருக்கிறோம். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து, வந்த காசு இவ்வளவு, கடைக்கடன் இவ்வளவு, சீட்டுக்கு இவ்வளவு, பிள்ளையின் படிப்புக்கு இவ்வளவு என்று எழுதிப் பார்ப்பது, அந்த மாதத்திலே அவர்கள் செய்யும் மிக நல்ல செபங்களில் ஒன்றாக இருக்கலாம்.

2015 ஒக்டோபரில் லூயி மார்ட்டின், செலி மார்ட்டின் என்ற பிரெஞ்சுத் தம்பதியினரைத் திருச்சபை ஒன்றாகப் புனிதர்களாக உயர்த்தியது. குழந்தை இயேசுவின் புனித தெரேசாவின் பெற்றோர் இவர்கள். லூயி கடிகாரம் திருத்துபவர். செலி பின்னல் சரிகைத் தொழில் நடத்தி, அதில் வேலைசெய்த பெண்களுக்கு வேலை கொடுத்தவர். ஒன்பது பிள்ளைகளைப் பெற்று நால்வரைச் சிறுவயதிலேயே இழந்தவர். தொழில், கணக்கு, நோய், மரணம், பிள்ளை வளர்ப்பு இவைதாம் அவர்களுடைய புனிதத்தின் பொருட்கள். எமது குடும்பங்களுக்கும் இவை அந்நியமானவை அல்ல.

நாவும் நிவாரணப் பட்டியலும்

லயம் என்பது சுவரொட்டிய வாழ்வு. ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாம் வீட்டில் கேட்கும். ஒருவருக்கொருவர் உதவ இது பெரிய வாய்ப்பு. ஒருவரையொருவர் அழிக்கவும் அதே அளவு வாய்ப்பு. ஓர் இளம்பெண்ணைப் பற்றிப் பீலியடியில் தொடங்கும் ஒரு பேச்சு, மாலைக்குள் தோட்டம் முழுதும் பரவி அவளுடைய வாழ்வையே குலைத்துவிடுகிறது. தாய் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன வீட்டைப் பற்றிப் பேசும் பேச்சும் அப்படியே. அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஒரு நேரம் சோறு கொடுப்பவர் புனிதத்தின் பாதையில் நடக்கிறார். கேட்ட கதையைத் தன்னோடு நிறுத்திக்கொள்பவரும் அப்படியே.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். எமது மாவட்டம் மண்சரிவை அறிந்த மாவட்டம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்ததை நாம் மறக்கமுடியாது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளியோடு வந்த மழையும் பதுளை மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. இத்தகைய வேளைகளில் அன்பு பெருகுவதையும் காண்கிறோம். பட்டியல் எழுதும் கட்டம் வந்ததும் அது வற்றுவதையும் காண்கிறோம். யாருக்கு வீடு, யாருக்கு அரிசி, யாருக்குக் காசு என்று தீர்மானிக்கும் பட்டியலில் தன் உறவினரை முன்னே எழுதி, பேசத் தெரியாத விதவையை விட்டுவிடுவது பெரும் அநீதி. பங்குச்சபையில் இருப்பவர், சங்கத்தில் இருப்பவர், அபிவிருத்திக் குழுவில் இருப்பவர் எவராயினும், அந்தப் பட்டியலை நேர்மையாக எழுதும் கை புனிதமான கை. “எங்களைவிட அவர்களுக்குத்தான் தேவை, எங்கள் பெயரை வெட்டிவிட்டு அவர்களுடையதை எழுதுங்கள்” என்று சொல்லும் குடும்பமோ நற்செய்தியின் ஏழைக் கைம்பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

அயலவர் யார்?

நாம் இங்கே சிறு மந்தை. எமது லயங்களில் பெரும்பாலானோர் இந்துக்கள். தோட்டத்தைச் சூழ்ந்த கிராமங்களில் பௌத்தர்கள். நகரக் கடைகளில் முஸ்லிம்கள். இவர்கள் மத்தியில் எமது புனிதம் எப்படி இருக்கவேண்டும்? வேலி போட்டுக்கொள்ளும் புனிதம் நற்செய்திக்கு உரியதல்ல. தீமிதிக்கும் காமன் கூத்துக்கும் ஊர் கூடும்போது அயலவரை மதிப்பதும், மரண வீட்டில் முதலாவதாக நிற்பதும், சிங்களக் கிராமத்தவரோடு தண்ணீருக்கும் பாதைக்கும் சேர்ந்து மனுக்கொடுப்பதும் எமது சாட்சியத்தின் பகுதிகள்.

எமது மறைமாவட்டத்துக்குட்பட்ட மொனராகலை மாவட்டத்தின் புத்தலையில், 1980ஆம் ஆண்டிலிருந்து அருட்தந்தை மைக்கல் ரொட்ரிகோ சிங்களப் பௌத்த விவசாயிகளின் மத்தியில் ‘சுப செத் கெதர’ என்ற சிறு வீட்டில் வாழ்ந்தார். மதம் மாற்ற அவர் போகவில்லை. மக்களோடு வாழப் போனார். 1987 நவம்பர் 10ஆம் திகதி திருப்பலி வேளையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் குருவானவர்தான். ஆனாலும் அவர் வாழ்ந்து காட்டிய அயலவர் அன்புக்குக் குருத்துவப் பட்டம் தேவையில்லை. மொழி கடந்து, மதம் கடந்து ஒரு வீட்டுத் திண்ணையில் உட்காரும் மனம் இருந்தால் போதும்.

எல்லையில் வேலைசெய்யும் இளைஞர்கள்

1921இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க இன்று உலகத்தின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் ஆட்கள் எல்லக்கு வருகிறார்கள். எமது பிள்ளைகள் பலர் பெரட்டை விட்டு விடுதிகளிலும் உணவகங்களிலும் வேலைக்குச் சேர்ந்துள்ளார்கள். முச்சக்கர வண்டி ஓட்டுகிறார்கள், வழிகாட்டிகளாகப் போகிறார்கள். வார இறுதியே அவர்களுக்கு வேலை கூடிய காலம். ஞாயிறு திருப்பலிக்கு வரவில்லையென்று அவர்களைப் பற்றிப் பெற்றோர் கவலைப்படுகிறார்கள்.

இங்கே இரண்டு விடயங்களைச் சொல்ல விரும்புகிறோம். ஞாயிறு கடனைச் சனிக்கிழமை மாலைத் திருப்பலியிலும் நிறைவேற்றலாம் என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் அனுமதிக்கிறது. குருவானவர் இல்லாததாலோ வேறு பாரிய காரணத்தாலோ திருப்பலிக்கு வழியில்லாதபோது, இறைவாக்கு வழிபாட்டிலோ, தனியாகவோ குடும்பமாகவோ பல குடும்பங்கள் சேர்ந்தோ செபத்திலோ நேரம் செலவிடும்படி அதே சட்டம் பெரிதும் பரிந்துரைக்கிறது. மாதம் ஒருமுறை மட்டுமே திருப்பலி கிடைக்கும் தோட்டங்களுக்கு இது மிக முக்கியம். உபதேசியாரோடு கூடி வாசித்துச் செபிக்கும் ஞாயிறு வீணான ஞாயிறல்ல.

இரண்டாவது: இந்த இளைஞரின் புனிதம் விடுதியிலேயே சோதிக்கப்படுகிறது. விருந்தினர் மறந்துவிட்டுப்போன பணப்பையைத் திருப்பிக் கொடுப்பதா? மொழி தெரியாதவரிடம் இருமடங்கு கட்டணம் கேட்பதா? போதைப்பொருள் கொண்டுவந்து கொடுத்தால் கிடைக்கும் எளிதான காசை மறுப்பதா? உடன் வேலைசெய்யும் பெண்பிள்ளையிடம் ஒருவர் வரம்பு மீறும்போது பார்த்தும் பாராமல் இருப்பதா? இவற்றில் சரியாக நடக்கும் இளைஞன் செபமாலையைக் கையில் வைத்திராவிட்டாலும் கடவுளுக்கு அருகில் இருக்கிறான். அதைச் சொல்லி அவனை ஊக்கப்படுத்துவது பெற்றோரின் கடமை, பங்கின் கடமை. ஊக்கம் பெற்றவன் செபமாலையையும் தேடி வருவான்.

எமக்கு முன் சென்றவர்கள்

பொதுநிலையினரால் இப்படி வாழ முடியுமா என்று ஐயுறுவோருக்கு இலங்கை வரலாறே பதில் சொல்கிறது. 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்குச் சென்ற பின், கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்பது மரணதண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது. 1687இல் புனித யோசேப் வாஸ் பிச்சைக்காரர் கோலத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேரும்வரை, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் மக்களுக்குக் குருக்கள் இருக்கவில்லை. அவர் வந்தபோது விசுவாசம் இருந்தது. அதைக் காத்தவர்கள் யார்? பிள்ளைக்குச் சிலுவை அடையாளம் போடக் கற்றுக்கொடுத்த தாய்மார், இரவிலே கதவை மூடிச் செபம் சொன்ன குடும்பங்கள். பின்னர் அவர் மலைநாடெங்கும் பணியாற்றியபோதும் மூப்பர்களையும் அண்ணாவிமாரையும் நம்பியே ஊர்களை விட்டுச் சென்றார். 1697இல் கண்டியில் வைசூரி பரவி, நோயாளரை உறவினரே கைவிட்டபோது அவர் அவர்களைக் கழுவி, உணவூட்டி, இறந்தவரை அடக்கம் செய்தார். மதம் பாராத அந்தப் பணியே அவருக்கு மன்னனின் மதிப்பைப் பெற்றுத்தந்தது.

தமிழகத்தின் தெற்கிலே 1712இல் நட்டாலத்தில் நீலகண்ட பிள்ளையாகப் பிறந்து, திருவிதாங்கூர் அரண்மனையில் பணியாற்றியவர் தேவசகாயம். மணமானவர். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். அதன்பின் தாழ்த்தப்பட்டோர் என ஒதுக்கப்பட்டவர்களோடு உட்கார்ந்தார், உண்டார். 1749இல் கைதாகி, மூன்றாண்டுகள் வதைக்கப்பட்டு, 1752 ஜனவரி 14ஆம் திகதி ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15ஆம் திகதி அவரைப் புனிதராக அறிவித்தபோது திருச்சபை அவர் பெயரிலிருந்த சாதிப் பெயரை விட்டுவிட்டது. எமது முன்னோர் கங்காணிமாரோடு கடல் கடந்து வந்தபோது சாதியையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தார்கள். திருமணப் பேச்சிலும் பங்கு நிர்வாகத்திலும் அது இன்னும் தலைகாட்டுகிறது. தேவசகாயத்தின் படத்தை வீட்டில் மாட்டிக்கொண்டு சாதி பார்ப்பது அவரை இரண்டாம் முறை சுடுவதற்குச் சமம்.

பொறுமையா, நீதியா?

இறுதியாக ஒரு தவறான விளக்கத்தைக் களையவேண்டும். துன்பத்தை வாய் திறக்காமல் சகிப்பதே புனிதம் என்று எமது மக்களுக்குப் பலகாலம் சொல்லப்பட்டு வந்தது. கூலி குறைவா? சிலுவையாக ஏற்றுக்கொள். கூரை ஒழுகுகிறதா? மோட்சத்தில் நல்ல வீடு கிடைக்கும். இந்த உபதேசத்தால் நன்மை அடைந்தவர்கள் தொழிலாளர் அல்ல.

மே 15ஆம் திகதியை நினைத்துப் பாருங்கள். அது மத்ரீத் நகரின் புனித இசிதோரின் திருநாள். பிறருடைய நிலத்தில் கூலிக்கு உழுத அந்த விவசாயத் தொழிலாளியை, 1622இல் புனித சவேரியாரையும் புனித இஞ்ஞாசியாரையும் உயர்த்திய அதே நாளில் திருச்சபை புனிதராக உயர்த்தியது. அதே மே 15இல்தான், 1891ஆம் ஆண்டு, திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் நிலை பற்றிய சுற்றுமடலை வெளியிட்டார். சிக்கனமாக வாழும் தொழிலாளிக்குக்கூடப் போதாத கூலி, இருதரப்பும் ஒப்புக்கொண்டதாயினும் நீதியானதல்ல என்று அது கற்பித்தது. உழைப்பாளியின் புனிதமும் உழைப்பாளிக்குரிய நீதியும் ஒரே நாளில் சந்திக்கின்றன.

எமது மக்களின் வரலாறும் இதையே சொல்கிறது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் பிரசாவுரிமை இழந்து, 1964 ஒக்டோபரின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் பிரிக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடு எஞ்சியோரும் உரிமை பெற்றார்கள். நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும், 2024இல் அடிப்படையாக 1,350 ரூபாவாகவும் உயர்ந்தது. இவற்றுள் எதுவும் மௌனமாக இருந்து கிடைத்ததல்ல. கண்டியில் 1972இல் சத்தியோதயத்தைத் தொடங்கிய அருட்தந்தை போல் கஸ்பேர்ஸ், அதே ஆண்டில் உருவான பதுளை மறைமாவட்டத்தின் முதல் ஆயர் லியோ நாணயக்கார ஆகியோர், தோட்ட மக்களோடும் கிராம மக்களோடும் நிற்பதைத் தம் ஆன்மீகத்தின் பகுதியாகவே கண்டார்கள். வெறுப்பில்லாமல் உரிமை கேட்பதும், பொய் சொல்லாமல் போராடுவதும், வென்றபின் பலவீனரை மறவாமல் இருப்பதும் பொதுநிலையினரின் புனிதமே. மாற்ற முடியாத நோயையும் இழப்பையும் பொறுமையோடு சுமப்போம். மாற்றக்கூடிய அநீதியைச் சேர்ந்து மாற்றுவோம்.

எங்கே தொடங்குவது?

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். காலையில் அடுப்பை மூட்டும்போது அந்த நாளை ஒப்புக்கொடுக்க ஒரு நிமிடம் போதும். மலையில் நிரையில் நிற்கும்போது, பக்கத்து நிரையில் காய்ச்சலோடு பறிப்பவளின் கூடைக்கு ஒரு பிடி கொழுந்து போடுவது அந்த ஒப்புக்கொடுத்தலின் தொடர்ச்சி. இரவில் பிள்ளைகளோடு ஒரு பத்து மணியாவது செபமாலை சொல்லி, ‘இன்று யாருக்கு உதவினோம், யாரை நோகடித்தோம்’ என்று கேட்டுக்கொள்வது அதன் முடிவு. வாரம் ஒருமுறை ஐந்தாறு குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடி, வரும் ஞாயிறின் நற்செய்தியை வாசித்து, அந்த வாரத்தில் லயத்திலுள்ள ஒரு தேவையைத் தெரிந்தெடுத்துச் செய்யட்டும். ஒரு முதியவரின் அடையாள அட்டை, ஒரு பிள்ளையின் பாடசாலை அனுமதி, அடைபட்ட ஒரு கான் என எதுவாயினும் சரி. செபித்தவர்களே அதைச் செய்யவேண்டும் என்பதே முக்கியம்.

பீடத்திலுள்ள சுரூபங்களுக்கு நாம் மாலை போடுவோம். அவர்களும் ஒரு காலத்தில் எங்கோ ஒரு வீட்டில் தண்ணீர் சுமந்தவர்கள்தாம்.

குழுக்களில் கலந்துரையாட:

1. லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். அதிலுள்ள கட்டளைகளில் எமது தோட்டத்தில் அதிகம் மீறப்படுவது எது?

2. எமது வீட்டில் யார் முதலில் எழுகிறார், யார் கடைசியாகப் படுக்கிறார்? அதை எவ்வாறு மாற்றலாம்?

3. எமது லயத்தில் எந்தக் குடும்பத்தைப் பற்றி அதிகம் பேசுகிறோம், எந்தக் குடும்பத்தோடு குறைவாகப் பேசுகிறோம்?

4. திருப்பலி இல்லாத ஞாயிறுகளில் நாம் ஒன்றுகூட என்ன ஒழுங்கு செய்யலாம்? விடுதிகளில் வேலைசெய்யும் எமது இளைஞரை அதில் எவ்வாறு சேர்த்துக்கொள்ளலாம்?

5. பொறுமையோடு சுமக்கவேண்டியது எது, சேர்ந்து மாற்றவேண்டியது எது என்று எமது தோட்டத்தின் பிரச்சினைகளை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்.